சீல் வைத்த திரை

1

இந்தக் கதைக்கு முதலில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதுவும் நான் எழுதியதில்லை. விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில், ஆமத்தூர் தாண்டியதும், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரரு கம்ப்யூட்டருக்குத் துண்டு போட்டு மூடி வச்சிருக்காரு. போலீஸ்காரக சீல் வச்சிட்டாகளாம், தொடக் கூடாதாம்.”

“கம்ப்யூட்டருக்குள்ள சீல் வச்சாகளா? எந்த வழியா உள்ள போனாக?”

கேட்டவள் சிரித்தாள். சொன்னவளும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதம் என்னை விடவில்லை. திருத்தங்கலில் இருவரும் இறங்கிவிட்டார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு நடந்தது எனக்குத் தெரியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

நான் குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள். என் கதைகளில் கணவனும் மனைவியும் கோபித்துக்கொள்வார்கள், ஒரு மழை வரும், சேர்ந்துவிடுவார்கள். தீபாவளி மலருக்கு அப்படி ஒன்று கேட்டிருந்தார்கள். கணினிக்குத் துண்டு போர்த்தும் கணவன், சிரிக்கும் மனைவி. பத்துப் பக்கத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முடியவில்லை. ஏன் என்பதும் இந்தக் கதையிலேயே இருக்கிறது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

அன்று காலையிலிருந்தே வானம் மப்பும் மந்தாரமுமாக

(விட்டுவிட்டேன். சிவகாசியில் மேகம் கூடினால் வெடி காயாதே என்றுதான் கவலை. யாரும் அண்ணாந்து பார்த்து ரசிப்பதில்லை.)

தங்கச்சாமி எந்தத் தப்பும் செய்யாத மனிதர், ஆகவே

(இதையும் விட்டேன். தப்புச் செய்யாதவன் எதற்குப் பயப்படப் போகிறான் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்வியை நம்பித்தான் மோசடிக்காரர்கள் பிழைக்கிறார்கள்.)

மூன்றாவது நிற்கட்டும்:

பொன்னுத்தங்கம் தன் கட்டியைப் பற்றிக் கணவரிடம் சொன்னது ஆடி மாதத்தில், அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது.

“ஏங்க, ஒண்ணு சொன்னா பதறக் கூடாது.”

“சொல்லுத்தா.”

“நெஞ்சுல கட்டி மாதிரி ஒண்ணு தட்டுப்படுது.”

தங்கச்சாமி குழாயை மூடினார். “எம்புட்டு இருக்கும்?”

“கொண்டக்கடலை கணக்கா.”

“வலிக்குதா?”

“வலிக்கலை.”

“அப்ப ஒண்ணும் இருக்காது.”

“வலிக்கலைன்னுதாங்க எனக்குப் பயமா இருக்கு.”

மகளைக் கட்டிக்கொடுக்கும் வயதாகிவிட்டது அவர்களுக்கு. இத்தனை வருஷத்தில் ‘மார்பு’ என்ற சொல்லை இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை. அன்றும் நெஞ்சு என்றே பேசி, நெஞ்சு என்றே கேட்டுக்கொண்டார்கள்.

சிவகாசியில் ஒரு பெண் டாக்டர் தொட்டுப் பார்த்தார். முகத்தில் எதையும் காட்டாமல், மதுரையில் ஒரு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினார். ஸ்கேன் எடுத்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். “தள்ளிப் போடாதீங்கம்மா” என்றார், இரண்டு தடவை.

“விருதுநகர்லயே பெரியாஸ்பத்திரி இருக்கே” என்றார் தங்கச்சாமி, திரும்பி வரும்போது.

“அங்கன வேணாம். ஆர்த்தியைக் குடுக்கப்போற வீட்டு ஆளுக அங்கன வேலை பாக்காக. கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“சரி. திங்கக்கெழமை மதுரைக்குப் போவோம்.”

3

திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் பொன்னுத்தங்கம் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள்.

வீட்டின் முன்னறைதான் தங்கச்சாமியின் ஆபீஸ். நாரணாபுரத்தில் இருக்கும் அவருடைய சின்னப் பட்டாசு ஆலையில், வெடிமருந்து கிடக்கும் பக்கம் செல்போன்கூடக் கொண்டு போகக் கூடாது. பில் போடுவது, ஆர்டர் பார்ப்பது, ஜி.எஸ்.டி. கட்டுவது எல்லாம் இங்கேதான்; பி.காம் படித்தவர், எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார். கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ‘நெஞ்சில் கட்டி’ என்று தட்டினார். மாரடைப்பைப் பற்றி என்னென்னவோ வந்தது. அழித்தார்.  பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, மற்ற சொல்லை எழுதினார்.

படங்கள் வந்தன. முகம் இல்லாத பெண்களின் படங்கள். சில இடங்களில் அம்புக்குறி போட்டுக் கட்டியைக் காட்டியிருந்தது. தங்கச்சாமி ஒருமுறை திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் பார்த்தார். எது பொன்னுத்தங்கத்தினுடையது மாதிரி இருக்கிறது? எது இருக்கக் கூடாதது? கத்தியில்லாமல் கட்டி கரையும் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. அதை அழுத்தினார்.

திரை முழுவதும் சிவப்பானது. நாலு சிங்க முத்திரை. போலீஸ் தொப்பி. சைரன் அலறியது. ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. அதற்குக் கீழே தமிழில், தமிழ் தெரியாதவன் எழுதிய தமிழில்:

உங்கள் கணினி காவல்துறையால் முடக்கம் செய்யப்பட்டது. நீங்கள் தடை செய்த ஆபாசம் படங்களை பார்த்தது பதிவு ஆனது. அபராதம் உடனே செலுத்தவும். கணினியை மூடினால், அணைத்தால், பிறரிடம் சொன்னால் கைது.

தங்கச்சாமியின் கை மவுஸை விட்டு எழுந்துவிட்டது, சூடான கம்பியைத் தொட்டதுபோல.

படங்களைப் பார்த்தாரா? பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாரா? ஆமாம். பெண்களின் மார்பைத்தானே? ஆமாம்.

அந்தத் திரைக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது. தங்கச்சாமி என்ற பெயர் தெரியாது, பொன்னுத்தங்கத்தின் கட்டி தெரியாது. அது உலகத்தில் யார் வந்து மாட்டினாலும் இதே வாக்கியத்தைத்தான் காட்டும். ஆனால் வாசிக்கிறவர் மனசில் ஏதாவது ஒரு சாத்திய கதவு இருந்தால் போதும்.

4

இந்த இடத்தில் என் தோழி ஒருத்தி படிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “பி.காம் படிச்சவர்னு சொல்ற. ஜி.எஸ்.டி. எல்லாம் அவரே கட்டுறார்னு சொல்ற. இவ்வளவு அசடா?”

எனக்கும் சந்தேகம் வந்தது. தங்கச்சாமியைப் படிக்காதவராக மாற்றி எழுதிப் பார்த்தேன். கதை பொய்யாகிவிட்டது. இந்தத் திரைகளில் விழுகிறவர்களில் படித்தவர்கள் நிறையப் பேர். பயம் வரும்போது படிப்பு அடுத்த அறைக்குப் போய்விடுகிறது.

ஆனால் தங்கச்சாமி விழுந்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்ல எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பட்டாசு ஆலைக்கு ஆய்வு ஜீப் வரும். ஓர் அறையில் ஆள் கூடுதலாக இருந்தாலோ, மரத்தடியில் வெடி காய்ந்தாலோ, கதவைப் பூட்டித் துணி சுற்றி, அரக்கை உருக்கி முத்திரை வைத்துவிட்டுப் போவார்கள். சீல் வைத்த ஆலைக்காரர் எதிர்த்துப் பேச மாட்டார். யாரிடமும் சொல்ல மாட்டார். பக்கத்து ஆலைக்காரர்களும் கேட்க மாட்டார்கள், அந்தப் பாதையில் போகும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதுதான் மரியாதை. வீட்டுப் பெண்களுக்கு, எல்லாம் முடிந்து கதவு திறந்த பிறகுதான் தெரியும். முக்கியமாக, அரக்கில் விரல் படக் கூடாது. எதற்காகச் சீல் வைத்தார்களோ அந்தக் குற்றம் அபராதத்தோடு போகும். சீல் உடைந்தால் உரிமமே போகும்.

தங்கச்சாமியின் ஆலைக்கு ஒரு வருஷம் சீல் விழுந்தது. மேய்கிற ஆடு ஏதாவது உரசி அரக்கு உதிர்ந்துவிடக் கூடாதே என்று, கதவுக்கு முன்னால் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை உட்கார வைத்தார். தன்னைப் பூட்டியிருக்கும் பூட்டுக்குத் தானே காவல்.

அந்த மனிதருக்கு முன்னால்தான் நாலு சிங்க முத்திரை வந்து நின்றது. ஜன்னலை மூடுவதும் கணினியை அணைப்பதும் அவர் கணக்கில் சீலை உடைப்பது.

திரையில் இருந்த க்யூ.ஆர். கட்டத்தைப் போனுக்குக் காட்டிப் பணம் கட்டினார். (எவ்வளவு என்று எழுதவில்லை. தொகையைப் பார்த்தால் நீங்கள் ‘அவ்வளவுதானா’ என்பீர்கள், அல்லது ‘அய்யோ’ என்பீர்கள். இரண்டுமே இந்தக் கதைக்கு ஆகாது.) சிவப்பு போகவில்லை. கீழே இருந்த எண்ணுக்குப் பேசினார். இன்ஸ்பெக்டர் என்று ஒருவன் எடுத்தான். எந்த ஊர் என்று கேட்டான். அப்பாவியாக ஊரையும் மாவட்டத்தையும் சொன்னார்.

“விசாரணை முடியிற வரை மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. போனா பிடிவாரண்ட். வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது.”

“சரிங்க ஐயா” என்றார் தங்கச்சாமி.

மதுரை வேறு மாவட்டம்.

* இதைக் கதைக்குள் வைக்கலாமா என்று யோசித்தேன்; வைக்கிறேன். எந்தக் காவல் நிலையமும் இணையப் பக்கத்தில் கடிகாரம் ஓடவிட்டு அபராதம் வசூலிப்பதில்லை. இப்படித் திரை வந்தால் அது பெரும்பாலும் வெறும் ஒரு பக்கம். எஸ்கேப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், அந்தப் பக்கத்தை மூடுங்கள். மூட முடியாவிட்டால் கணினியை அணைத்துவிடுங்கள். திரும்பப் போட்டதும் பழைய பக்கங்களைத் திறக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் இருக்கும் எண்ணுக்குப் பேசாதீர்கள், கட்டாதீர்கள். கட்டிவிட்டால், உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

(கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஆர்த்திக்கு ஒரு போன் போட்டிருந்தால் அவள் இதையேதான் சொல்லியிருப்பாள். போனைக் கையில் எடுத்தார். திரையில் இருந்த ‘ஆபாசம்’ என்ற சொல்லை எந்தத் தகப்பன் மகளிடம் வாசித்துக் காட்டுவான்? வைத்துவிட்டார்.)

5

“திங்கக்கெழமை முடியாது போல” என்றார்.

“ஏன்?”

“லோடு நிக்குது. சீசன் நேரம்.”

பொன்னுத்தங்கம் டாக்டர் சீட்டை மடித்து உள்ளே வைத்தாள். அடுத்த வாரம் அவளே கேட்டாள். அதற்கும் சீசன்தான் பதில். அதற்கடுத்த வாரம் அவள் கேட்கவில்லை.

(இந்த மௌனத்தை எழுதுவதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. ஏன் அவள் சண்டை போடவில்லை? என் வழக்கமான நாயகிகள் என்றால் தட்டைத் தூக்கி எறிந்திருப்பார்கள். பொன்னுத்தங்கத்தை எறிய வைத்துப் பார்த்தேன், தட்டு அவள் கையை விட்டுப் போக மாட்டேன் என்றது.)

முன்னறையில் கணினி ஓடிக்கொண்டே இருந்தது. சைரனின் ஒலியைக் குறைத்துவிட்டார், அவ்வளவுதான் தைரியம். அதன்மேல் ஈரிழைத் துண்டைப் போர்த்தினார். துண்டின் நூல் வழியாகச் சிவப்பு கசிந்தது. மின்சாரம் போனால் சீல் உடைந்துவிடுமே என்று இன்வர்ட்டருக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டார். அந்த அறையிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். பில்லெல்லாம் கையால் எழுதினார். அந்த எண்ணிலிருந்து கூப்பிட்டபோதெல்லாம் மறுபடி கட்டினார்.

ஆலை போர்மேன் காளீஸ்வரன் கூலிக் கணக்குக் கொண்டு வந்தவன், அறையை எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“என்ன மொதலாளி, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா? போர்வை போத்திப் படுக்க வச்சிருக்கீக?”

“ரிப்பேர்லே.”

“எங்கிட்டக் குடுங்க, மந்திரிச்சுக் கயிறு கட்டிக் கொண்டாறேன்.”

“ஏலே, கணக்க வச்சிட்டுப் போ” என்றார். அவன் போன பிறகு துண்டின் நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

உள்ளே அடுப்படியில் பொன்னுத்தங்கம் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் தன்னோடு படுப்பதை ஏன் நிறுத்தினார் என்பதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. அது தப்பான பதில். அவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் உடைந்திருக்கும். அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. மதுரை அங்கேயேதான் இருந்தது, ஒரு மணிநேரத்துச் சொச்சத் தூரத்தில்.

6

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. சிவகாசியில் அன்றைக்கு எந்த எந்திரமும் ஓடாது. அச்சு எந்திரத்திலிருந்து அரிவாள்மனை வரைக்கும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து ஓய்வு கொடுப்பார்கள். தங்கச்சாமி நாரணாபுரத்தில் பூஜையை முடித்து, பூசணிக்காய் உடைத்து, ஆட்களுக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தார்.

முன்னறைக் கதவு திறந்திருந்தது.

துண்டு மடித்து நாற்காலிமேல் இருந்தது. திரை கறுப்பாக இருந்தது. அதன் நடுவில் சந்தனப் பொட்டு, அதற்குள் குங்குமம். பக்கத்தில் ஒரு செவ்வந்திப் பூ. பொன்னுத்தங்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன பண்ணுன?”

“அமத்துனேன். ஆயுத பூஜைக்கு ஓடவிடலாமா?”

தங்கச்சாமி வாசலுக்குப் போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். ஜீப் இல்லை. ஒரு பையன் மாலை போட்ட சைக்கிளில் போனான். திரும்பி வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அமத்துறதுக்கு முன்னால படிச்சேன்” என்றாள் அவள். “படம் பாத்தீகளாம்ல.”

“ஆமா.”

அவள் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்வார், திட்டலாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

“எதுக்கு? இந்த வயசுலயா? எனக்கு இப்படி இருக்கையிலயா?”

“ஒனக்கு அப்படி இருக்குன்னுதான்” என்றார் தங்கச்சாமி.   “கட்டி எப்படி இருக்கும்னு பாத்தேன். எது நல்ல கட்டி, எது கெட்ட கட்டின்னு படம் போட்டிருந்துச்சு. பாத்துக்கிட்டு இருக்கையிலேயே சீல் வச்சிட்டான். மாவட்டத்தத் தாண்டுனா பிடிச்சிட்டுப் போயிருவேன்னான். நான் உள்ள போயிட்டா ஒன்னை யாரு கூட்டிட்டுப் போவா? அதான் முடியட்டும், முடியட்டும்னு…”

பொன்னுத்தங்கம் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தாள்.

“நான் என்ன நெனச்சேன் தெரியுமா?” என்றாள். “ஒங்களுக்கு எம்மேல அருவருப்பு வந்துருச்சுன்னு. அதான் இங்கன வந்து படுத்துக்கிட்டீகன்னு.”

“ஏ பொன்னு!”

“சீலுக்குக் காவலா படுத்தீக? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பொட்டு வைக்கணும்னு சுவிட்ச அமத்துனேன். ஒண்ணும் ஆகலியேங்க. ஒண்ணுமே ஆகலியே.”

அவள் அழவில்லை. அவர் அழுதார். துடைத்துக்கொள்ள அந்தத் துண்டைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“எது?”

தங்கச்சாமி அந்தச் சொல்லைச் சொன்னார். முதல் தடவையாக அவளிடம், வாய்விட்டு.

பொன்னுத்தங்கம் தலையைக் குனிந்துகொண்டாள். “பெருசாயிருச்சு” என்றாள்.

7

இங்கேதான் என் மழை வர வேண்டும். வரவழைத்தேன்.

முடிவு ஒன்று: மறுநாளே மதுரைக்குப் போகிறார்கள். வெறும் கொழுப்புக் கட்டி என்கிறார் டாக்டர். திரும்பும் வழியில் இருவரும் ஒரே இளநீரை

(மலரில் இதைத்தான் கேட்டார்கள். ‘இளநீரை’ வரைக்கும் எழுதினேன். பேருந்தில் தாமதமாகச் சிரித்தவள் மனசில் வந்தாள். அழித்தேன்.)

முடிவு இரண்டு: காலம் கடந்துவிடுகிறது. ஆர்த்தியின் கல்யாணத்தில் தகப்பன் தனியாக

(இதையும் அழித்தேன். ஒரு மோசடிக்காரனுக்கு அவ்வளவு பெரிய வெற்றியைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. எனக்குக் கை வராததால் அப்படி நடக்காது என்று ஆகிவிடாது, அது எனக்குத் தெரியும்.)

முடிவு மூன்று: 1930-க்குப் புகார் கொடுக்கிறார்கள். ஆர்த்தி ஓடி வருகிறாள். பணத்தில் ஒரு பகுதி திரும்பி

(நடக்கலாம். நடந்தாலும் அது பணத்தின் முடிவு. ஆடிக்கும் புரட்டாசிக்கும் நடுவில் போன நாட்களை எந்த வங்கியும் நிறுத்தி வைத்துத் திருப்பித் தராது.)

எந்தக் கட்டி என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. நான் உண்டாக்கிய பெண்தான், ஆனால் அவள் உடம்புக்குள் நான் பார்க்க முடியவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதிவிட்டு எழுந்துகொள்கிறேன்.

8

மதுரை. ஸ்கேன் முடிந்தது, ஊசி போட்டுச் சதையும் எடுத்தாகிவிட்டது. முடிவு இன்னும் சில நாளில் வரும். டாக்டர் அம்மா பழைய சீட்டைப் பார்த்தார். ஆடி மாதத் தேதியில் அவர் விரல் நின்றது.

“அப்பவே வரச் சொல்லியிருக்காங்களே. ஏன் இவ்வளவு நாள் வரலை?”

இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். தங்கச்சாமியின் பார்வை தரைக்குப் போனது. பொன்னுத்தங்கம் முந்திக்கொண்டாள்.

“சீசனுங்க டாக்டர். வெடி வேலை. அவரு வா வான்னுதான் கூப்பிட்டாரு, நாந்தான் அப்புறம் போவோம்னு இருந்துட்டேன்.”

சொல்லிவிட்டு, அவர் கையின்மேல் தன் கையை வைத்தாள், பேசாமல் இருங்கள் என்பதுபோல. இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் இதைக் காதல் என்பீர்கள். நானும் என் எல்லாக் கதைகளிலும் இதைத்தான் காதல் என்று எழுதியிருக்கிறேன்.

தங்கச்சாமி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினார். வெளியே இன்னும் நாலைந்து பெண்கள் தங்கள் சீட்டோடு காத்திருந்தார்கள், கூட வந்த ஆண்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. அவர் எழுந்து அதைச் சாத்தவில்லை.

“இல்ல டாக்டர்” என்றார், வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கும் குரலில். “அவ பொய் சொல்றா. நான்தான்…”

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. என்ன நடந்தது என்று இந்நேரம் உங்களுக்கும் முழுசாகத் தெரியும்.  நீங்கள் சொல்லி முடியுங்கள். வாய்விட்டு, வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது.